நடுகல்லும் அடுத்தவன் மண்ணும்

பெரியம்மாவின் பாஸ்போட் அலுவல் அன்று பத்தரமுல்லையில் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. வெள்ளவத்தைக்குத் திரும்புகிற வழியில் ஓட்டோவைத் தியவன்னா ஓயாப் பக்கம் விடச் சொன்னேன். நாடாளுமன்றத்துக்குக் கிட்ட, நீர்க்கரையில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. கறுப்புக் கல்லில் வரிசை வரிசையாகப் பெயர்கள். 1987க்கும் 1990க்கும் இடையில் இலங்கையில் உயிரிழந்த சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்களுக்காக எழுப்பியது.

பெரியம்மா அந்த மூன்று வருடமும் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். "இந்தியன் ஆமி" என்று சொல்லும்போது இன்றைக்கும் குரல் தானாகத் தணியும். இறங்கமாட்டேன் என்றார். கொஞ்ச நேரத்தில் கால் விறைக்கிறது என்று இறங்கி வந்தார். நான் அவருக்கு ஒரு பெயரைச் சொன்னேன்: மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25 அன்று கந்தரோடையில் செத்தவர். இந்தியாவின் மிக உயர்ந்த இராணுவ விருதான பரம் வீர் சக்ராவை இலங்கைச் சண்டைக்காகப் பெற்ற ஒரே ஆள்.

"பரமேஸ்வரனோ?" என்றார் பெரியம்மா. "எங்கட ஆக்கள்ட பேரெல்லோ."

ஒரு நாட்டின் சிப்பாய் இன்னொரு நாட்டில் போய்ச் சாகிறான். அங்கே அவனுக்குக் கல் நடலாமா, யார் நடுவது, யார் பார்த்துக்கொள்வது? நடுகல்லுக்கு நம்மிடம் பழைய இலக்கணமே உண்டு. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையல் வைத்து வாழ்த்துவது வரைக்கும் தொல்காப்பியம் ஆறு படிகள் சொல்கிறது. ஆனால் கல் நடுகிற நிலம் அடுத்தவனுடையதாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் படி இல்லை. அந்தப் படியை 20ஆம் நூற்றாண்டுதான் எழுதியது, அதுவும் ஒப்பந்தப் பத்திரமாக.

அதற்கு முன் இந்தக் கல்லையே பார்த்துவிடுவோம். இதில் எதிரி யார் என்பதே லேசில் பிடிபடாது. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே, மரியாதை அணிவகுப்பில் நின்ற இலங்கைக் கடற்படைச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ராஜீவை அடித்தார். அந்த ஒப்பந்தப்படி அமைதி காக்க வந்த இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் ஒக்டோபரில் சண்டை மூண்டது. தெற்கில் ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரிக் கட்சி அதே ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கியது. 1989இல் ஜனாதிபதி பிரேமதாசா இந்தியப் படையைப் போகச் சொன்னார். அவருடைய அரசு புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தது. 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படையணி கப்பலேறியபோது, சென்னையில் அவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. புறப்பட்ட இடத்திலும் நல்ல பெயர் இல்லை, வந்த இடத்திலும் இல்லை, திரும்பிப்போன இடத்திலும் இல்லை.

அப்படியிருந்தும் கல் நிற்கிறது. இலங்கை அரசு அதை 2008இல் கட்டி முடித்தது. வன்னியில் கடைசிப் போர் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த வருடம் அது. டில்லியின் முகம் கோணாமல் இருப்பது கொழும்புக்கு முக்கியமாக இருந்த வருடம். கல் எழுந்ததற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த மாதிரிக் கற்கள் எப்போது எழும்புகின்றன என்று பார்த்தால், துக்கத்தின் நாட்காட்டியைவிட ராஜதந்திரத்தின் நாட்காட்டிதான் பெரும்பாலும் பொருந்திவருகிறது. இந்தியத் தூதரகம் ஜனவரி 26க்கும் ஓகஸ்ட் 15க்கும் அங்கே மலர்வளையம் வைக்கும். 2025 ஏப்ரல் 5 அன்று பிரதமர் மோடி வந்து வைத்தார். அந்த வருகையின்போது அவரை வரவேற்று உபசரித்த ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, இந்தியப் படை வந்ததை எதிர்த்துத் தெற்கை எரியவைத்த அதே ஜே.வி.பி.யின் தலைவர்.

சரி, ஒப்பந்தப் பத்திரத்துக்கு வருவோம். துருக்கியின் கலிபோலியில் 1915இல் பிரிட்டிஷ், அவுஸ்திரேலிய, நியூசிலாந்து, பிரெஞ்சுப் படைகள் போய் இறங்கின. துருக்கியர் தங்கள் மண்ணைக் காத்துக்கொண்டார்கள். (ஏப்ரல் 25 அன்று அங்கே இறங்கியவர்களில் நம் மலையகத்துத் தோட்டத் துரைமாரும் உண்டு. இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை அங்கே ஜெனரல் பேர்ட்வூட்டுக்கு மெய்க்காவலாக நின்றது.) வந்தவர்கள் தோற்றுப் போய்விட்டார்கள், பிணங்கள் அங்கேயே கிடந்தன. 1923இல் லோசான் உடன்படிக்கை எழுதும்போது கல்லறைகளுக்கென்றே அதில் ஒரு பகுதி ஒதுக்கினார்கள். அந்த நிலத்தை நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமையைத் துருக்கி கொடுத்தது. கூடவே 129ஆம் பிரிவில் நிபந்தனைகளும் போட்டது. காவலாளிகளுக்குத் தேவையானதைத் தவிர வீடு கட்டக்கூடாது. இறங்குதுறை கட்டக்கூடாது. பார்க்க வருகிறவர்கள் ஆயுதத்தோடு வரக்கூடாது. 150 பேருக்கு மேல் கூட்டமாக வருவதென்றால் ஒரு வாரத்துக்கு முன்னமே அறிவிக்கவேண்டும்.

கலிபோலி பற்றி எழுதுகிற எல்லோரும் மேற்கோள் காட்டுவது வேறொன்றை. தூர தேசத்துத் தாய்மாரே, கண்ணீரைத் துடையுங்கள், உங்கள் பிள்ளைகள் இனி எங்கள் பிள்ளைகள் என்கிற, 1934இல் துருக்கித் தலைவர் அத்தாதுர்க் சொன்னதாகப் போகும் வாசகம். கலிபோலிக் கரையில், அரி புர்னுவில், கல்லில் வெட்டியிருக்கிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு அந்தக் காலத்து ஆவணம் எதுவும் இல்லை என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கல்லில் ஏறியதும் 1985இல்தான். அதே வருடம் துருக்கி அந்தக் கடற்கரைக்கு அன்சாக் (அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை) குடா என்று பெயர் வைத்தது, பதிலுக்குக் கன்பராவில் அத்தாதுர்க்குக்கு ஒரு நினைவிடம் எழுந்தது. கொடுக்கல் வாங்கல். எனக்கு அந்த அழகான வாசகத்தைவிட 150 பேர் நிபந்தனையில்தான் நம்பிக்கை. நேற்றுவரை எதிரியாக இருந்தவன் திரும்பவும் கூட்டமாக வந்து இறங்கினால் ஊர்க்காரனுக்கு வயிற்றைக் கலக்கும் என்பதை உணர்ந்து எழுதின நிபந்தனை அது.

கொழும்பில் இந்த ஏற்பாட்டின் கிளைகள் உண்டு. பொரளை கனத்தை மயானத்திலும் தெமட்டகொடைப் பக்கத்து லிவரமெந்து மயானத்திலும் உலகப் போர்க் கல்லறைகளைப் பார்க்கலாம். 1917இல் தொடங்கிய கொமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அவற்றைப் பராமரிக்கிறது. செத்தவனை ஊருக்குக் கொண்டுபோவதில்லை, செத்த நாட்டிலேயே அடக்குவது, ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்பது அவர்கள் விதி. விதி எல்லோருக்கும் பொருந்தவில்லை என்பதை அந்த ஆணையமே 2021இல் ஒத்துக்கொண்டது. ஆபிரிக்க, ஆசியச் சிப்பாய்கள் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை. ஆனால் கண்டியில் இருக்கிற போர்க் கல்லறையைப் பாருங்கள். 203 பேர், அதில் 3 பேர் இத்தாலியர்கள். எதிரணிக்காரர்கள். இங்கிலாந்துக்காரருக்கும் கிழக்காபிரிக்கருக்கும் நடுவில், வெட்டிவிட்ட அதே புல்லில் கிடக்கிறார்கள்.

எதிரிக்குக் கொழும்பு செய்த மரியாதைகளில் எனக்குப் பிடித்தது கல் சம்பந்தப்பட்டதே இல்லை. 1914 செப்டெம்பரில் சென்னையில் குண்டு போட்ட ஜேர்மன் கப்பல் எம்டனைத் தமிழில் தெரியாதவர் இருக்கமாட்டார்கள். பொல்லாத ஆளை "அவன் எம்டன்" என்று இன்னும் சொல்கிறோம். அந்த எம்டனை நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பல் சிட்னி அடித்து நொறுக்கியது. தப்பிய ஜேர்மானியரை ஏற்றிக்கொண்டு சிட்னி கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. அங்கே ஏற்கெனவே அவுஸ்திரேலிய, நியூசிலாந்துத் துருப்புகளை ஏற்றிய கப்பல்கள் நின்றன. ஆயிரக்கணக்கான பொடியன்கள், முதல் வெற்றி, கத்திக் கூச்சல் போடத் தயாராக மேல்தட்டில் நின்றார்கள். சிட்னியின் கப்டன் குளொசொப் முன்கூட்டியே செய்தி அனுப்பியிருந்தார்: கப்பலில் காயப்பட்ட ஜேர்மானியர் படுத்திருக்கிறார்கள், ஆரவாரம் வேண்டாம். அப்படியே வாய்மூடி நின்றார்கள்.

ஓசையை நிறுத்துவது என்றதும் நமக்கு நினைவு வரவேண்டியது அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன். நகரின் தெற்கு வாசலில் எல்லாளனைக் கொன்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு, அவனுக்கு ஈமக்கிரியை செய்து, அந்த இடத்தில் ஒரு தூபி எழுப்பி, அதைக் கடக்கிறவர்கள் வாத்தியத்தை நிறுத்தவேண்டும் என்று வைத்ததாக மகாவம்சம் சொல்கிறது. ஆங்கிலேயருக்கு எதிரான 1818 கண்டிக் கிளர்ச்சி தோற்று, பிடிபடாமல் ஓடிய பிலிமத்தலாவைப் பிரபு, அந்த இடம் வந்ததும் பல்லக்கிலிருந்து இறங்கி நடந்தார் என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அதிகாரி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். உயிருக்கு ஓடுகிறவன் இறங்கி நடக்கிறான்! ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. எல்லாளன் சமாதி என்று மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த மேட்டை, 20ஆம் நூற்றாண்டில் தொல்லியலாளர் பரணவிதான, அது தக்கிண தூபி, துட்டகைமுனுவின் சாம்பல் இருந்த இடம் என்றார். பெயர்ப்பலகை மாறியது. தொல்லியல் ரீதியாக அது சரியோ பிழையோ, தோற்றவனின் நினைவிடம் வென்றவனுடையதாகிப்போனது.

எதிரியாக இருந்த நாட்டில் நினைவுகூர்வதன் சிக்கல்கள் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்கவேண்டுமென்றால் வியட்நாமில் லோங் டானுக்குப் போகவேண்டும். 1966 ஓகஸ்ட் 18 அன்று, கொட்டும் மழையில், ஒரு றப்பர் தோட்டத்துக்குள் நூற்றுச்சொச்சம் அவுஸ்திரேலியர்கள் தங்களைவிடப் பலமடங்கு பெரிய வியட்நாமியப் படையோடு மோதினார்கள். 18 அவுஸ்திரேலியர்கள் செத்தார்கள். வியட்நாமியத் தரப்பில் 245 உடல்களை எண்ணியதாக அவுஸ்திரேலியப் படை சொன்னது. மூன்று வருடம் கழித்து அதே படைப்பிரிவினர் அந்த இடத்தில் ஒரு சீமெந்துச் சிலுவை நட்டார்கள். 1975இல் போர் முடிந்து வடக்கு வென்றதும் சிலுவை அங்கிருந்து அகற்றப்பட்டது. ஊர்க்காரர்கள் அதைக் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரின் நினைவுக்கு வைத்துக்கொண்டார்கள். பிறகு அது டொங் நாய் அருங்காட்சியகத்துக்குப் போனது. பழைய இடத்தில் உள்ளூர் நிர்வாகம் 1989இல் அதே மாதிரி இன்னொன்றை நட்டது. எதிரியின் சிலுவைக்கு எதிரியே பிரதி செய்து வைப்பது லேசான காரியம் இல்லை.

அதன் பிறகு வருடா வருடம் அவுஸ்திரேலியர் போய்வந்தார்கள், ஒரு புரிந்துணர்வோடு: சீருடை இல்லை, பதக்கம் இல்லை, சத்தம் இல்லை. 2016இல் 50ஆம் ஆண்டு நிறைவு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்க் குவிந்துவிட்டார்கள். முதல்நாள் வியட்நாம் அரசு நிகழ்ச்சியை நிறுத்தியது. பயணச்சீட்டு வாங்கி, எழுபது வயதில் பறந்து வந்த கிழவர்கள் ஹோட்டல்களில் நின்றார்கள். அவுஸ்திரேலியப் பிரதமர் டேர்ன்புல் வியட்நாமியப் பிரதமரோடு பேசிய பிறகு, சின்னச் சின்னக் குழுக்களாகப் போய்ப் பார்க்க விட்டார்கள். அவுஸ்திரேலியாவில் கோபம் இருந்தது. ஆனால் அந்தத் தோட்டத்தைச் சுற்றியிருக்கிற கிராமங்களை நினைத்தால் எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. அந்தச் சண்டையில் செத்தவர்களில் சிலரின் தங்கச்சிமாரும் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை பத்துப் பேர் வந்து தலைகுனிந்துவிட்டுப் போனால் பொறுத்துக்கொள்ளலாம். ஆயிரம் பேர் வந்தால் அது அஞ்சலியா, வெற்றி விழாவா? லோசானில் 150 என்று ஒரு எண்ணைப் போட்டவர்களுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்கிறது. அடுத்த வருடமே அந்த மூலச் சிலுவையை வியட்நாம் அவுஸ்திரேலியாவுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டது. இப்போது கன்பராவில் இருக்கிறது.

ஜப்பானியர் விஷயம் நமக்கு இன்னும் கிட்டத்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. (மோடி பத்தரமுல்லையில் மலர்வளையம் வைத்ததும் ஓர் ஏப்ரல் 5. தற்செயல்தான்.) துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் மூழ்கின, அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. ஜப்பானியர் ஏழு விமானங்களை இழந்தார்கள். அப்படியிருந்தும் 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கு இலங்கைப் பிரதிநிதியாகப் போன ஜே.ஆர்., பகை பகையால் தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி நட்டஈடு வேண்டாம் என்றார். ஜப்பானியர் அதை மறக்கவில்லை. கமகுரா பெரிய புத்தர் கோவிலில் அவருக்கு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். அதே ஜே.ஆர். 32 வருடம் கழித்து, 1983இல், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, என்ன செய்தார், என்ன செய்யாமல் விட்டார் என்பது வெள்ளவத்தையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் தெரியும்.

ஜப்பானுக்கு வெளியே செத்த ஜப்பானியர் சுமார் 24 லட்சம் பேர். அதில் ஏறத்தாழ 11 லட்சம் பேரின் எலும்புகள் இன்னும் ஊர் திரும்பவில்லை. அரசு செலவழித்துத் தீவு தீவாகத் தேடுகிறது. மணிப்பூரில் இம்பாலுக்கு அருகே 1994இல் தங்கள் ஆட்களுக்கு நினைவிடமும் கட்டியது. ஜேர்மனியும் அப்படித்தான். 1992இல் ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டு, ஸ்டாலின்கிராட் சண்டை நடந்த அந்த வெளியில், ரொசொஷ்காவில், சோவியத் மயானத்துக்கு எதிரே தங்கள் மயானத்தை 1999இல் திறந்தது. ரஷ்யர்களுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் நடந்தது, ஏனென்றால் ஜேர்மனியில் கிடக்கிற சோவியத் கல்லறைகளையும் யாராவது பார்த்துக்கொள்ளவேண்டும்.

இவை எல்லாவற்றிலும் ஒன்று பொது. செத்தவனுக்குப் பின்னால் ஒரு நாடு நிற்கிறது. தோற்ற நாடோ ஜெயித்த நாடோ, கடிதம் எழுத ஒரு அமைச்சு, பணம் கட்ட ஒரு கணக்கு, பேரம் பேச எதிர்ப்பக்கத்தின் கல்லறைகள் கொஞ்சம் தன் மண்ணில். அது இருந்தால் எதிரி மண்ணிலும் கல் நிற்கும். அது இல்லாதவனுக்குப் பிறந்த ஊரிலும் நிற்காது. வியட்நாமையே எடுங்கள். லோங் டானில் அவுஸ்திரேலியனுக்குப் பிரதிச் சிலுவை நட்ட அதே நாட்டில், அமெரிக்கர் பக்கம் நின்று தோற்ற தென் வியட்நாம் சிப்பாய்களின் பியென் ஹோவா மயானம் 2006 வரை இராணுவக் கட்டுப்பாட்டில் கிடந்தது. அவர்களுக்காகப் பேச எந்த அரசும் மிஞ்சவில்லை.

கொழும்பில் நவம்பர் மாதம் இதைக் கண்ணால் பார்க்கலாம். உலகப் போரில் செத்தவர்களின் நினைவுக்குப் பொப்பிப் பூ விற்பார்கள். விகாரமகாதேவி பூங்காவில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த போர் நினைவுத் தூணில் மலர்வளையம் வைப்பார்கள். முன்பு காலிமுகத்திடலில் நின்ற தூண், ஜப்பானியர் அதை அடையாளமாக வைத்துச் சுடுவார்கள் என்ற பயத்தில் உள்ளே கொண்டுபோனது. 1930களில் இந்தப் பொப்பிக்கே இங்கே எதிர்ப்பு இருந்தது. விற்ற காசில் பெரும்பங்கு இங்கிலாந்துக்குப் போகிறது என்று, பதிலாகப் பூவரசம் பூ விற்றார்கள். சூரியமல் இயக்கம் என்பது அதுதான். அதே நவம்பரில் ஜே.வி.பி. 1989இல் கொல்லப்பட்ட தன் தலைவர் ரோகண விஜேவீரவையும் தோழர்களையும் நினைவுகூரும். இரண்டு முறை அரசை எதிர்த்து ஆயுதம் தூக்கியவர்கள். ஆனால் கட்சி சட்டபூர்வமாகிவிட்டது, இப்போது அரசாகவும் ஆகிவிட்டது.

நவம்பர் 27 அன்று வடக்கிலும் கிழக்கிலும் கார்த்திகைப் பூவோடு போகிறவர்களுக்குப் போக இடமே கேள்வி. செத்த புலிகளை அடக்கிய துயிலும் இல்லங்கள் போருக்குப் பின் இடித்து நிரவப்பட்டன. கோப்பாயில் இருந்ததன் மேல் 2011இல் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. புலிகளைப் பற்றி ஒருவர் என்ன நினைத்தாலும் — நானும் எல்லாத் தமிழரும் ஒரே மாதிரி நினைக்கவில்லை — அந்த மண்ணுக்குக் கீழே இருந்தது யாரோ ஒருத்தியின் பிள்ளை. இந்தியச் சிப்பாயின் தாய் டில்லியைக் கேட்கலாம், டில்லி கொழும்பைக் கேட்கும். கோப்பாய்த் தாய் யாரைக் கேட்பது?

கறுப்புக் கல்லின் முன் பெரியம்மா கனநேரம் நிற்கவில்லை. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்து சுட்டதில் வைத்தியர்கள், தாதிமார், நோயாளிகள் என்று 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவருக்குத் தெரிந்த ஒரு தாதியும் அதில். கல்லைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்னார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி நடந்தோம்.

ஓட்டோக்காரர் சிங்களவர், சின்னப் பொடியன். மீற்றரை ஓடவிட்டுவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு பெயரும் யாருடையது என்று கேட்டார். பெரியம்மா தன் கொழும்புச் சிங்களத்தில், இந்திய ஹமுதாவ, இந்திய இராணுவம், என்றார்.

"அபே அயத் இன்னவத?" நம்ம ஆட்களும் இருக்கிறார்களா?

பெரியம்மா ஓட்டோவுக்குள் ஏறி, சேலையை இழுத்து ஒதுக்கி உட்கார்ந்தபிறகுதான் பதில் சொன்னார். "ஒருத்தன்ட பேர் மட்டும் எங்கட பேர்" என்றார், தமிழில்.